கொழும்புக் கொலைகாரன் எந்த மொழியில் பேசுகிறான்?

அன்புள்ள தம்பி, தங்கச்சிமாருக்கு,

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்துகொண்டு, கொழும்பில் நடக்கும் கொலை, கடத்தல், கொள்ளை என்று கதை எழுதுகிற உங்கள் எல்லோருக்கும்தான் இந்த மடல். நான் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், முதலியார் என்கிற மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறியவன். சாட்சிக் கூண்டில் நிற்கும் பொலிஸ்காரர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வதுதான் என் சீவியமாக இருந்தது. துப்பறியும் கதை கையில் கிடைத்தால் சோறு ஆறிப்போவதும் தெரியாது எனக்கு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் நம்மவர்களின் கதைகளிலும் மயிலாப்பூரில்தான் பிணம் கிடக்கும், கமிஷனர்தான் ஜீப்பில் வந்து இறங்குவார். நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள். உங்கள் கதைகளில் ஆமர் வீதி வருகிறது, செட்டியார் தெரு நகைக்கடை வருகிறது, இரவுக் கோச்சியில் ஏறி விடியக் கோட்டையில் இறங்கும் நம் ஊர்ப் பெடியன் வருகிறான். வாசிக்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? ஆனால் ஒரு குறை மனதில் கிடந்து உறுத்துகிறது. உங்கள் கொழும்பில் எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியான ஓஐசி, ஓட்டோக்காரர், லொட்ஜ் காவலாளி, பிரேத பரிசோதனை செய்யும் சட்ட வைத்திய அதிகாரி, எல்லோரும் தடங்கலில்லாத தமிழ். நாம் போய் இறங்குகிற கொழும்பு அதுவா?

என் அக்காவின் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கொழும்பில் பட்டப்பகலில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து அவன் தோளில் கிடந்த பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். பொலிசுக்குப் போனான். தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் சொன்னான், எழுதினார்கள், கையெழுத்து வைத்தான். ஊருக்கு வந்து முறைப்பாட்டுப் பிரதியை என்னிடம் காட்டினான். அதில் பறித்த கதையே இல்லை. பை ‘நெதி வுணா’ என்றிருந்தது, அதாவது தொலைந்துபோயிற்று. ஒரு குற்றம் கடதாசியில் ஏறும்போதே குற்றமில்லாமல் போய்விட்டது. எழுதியவர் வேண்டுமென்று செய்தாரா, விளங்காமல் செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்குள் ஒரு முழு நாவல் கிடக்கிறது, தம்பி.

சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். உங்கள் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் சந்தேகநபர் ஓஐசி முன்னால் உடைந்துபோய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், வழக்கு முடிகிறது. 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அங்கே உங்கள் வழக்கு முடியவில்லை, தொடங்குகிறது. ஆனால் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் திருப்பிப்போட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ளவரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகலாம் என்றது. சுயவிருப்பத்தில் கொடுக்கவில்லை என்று காட்டும் பாரத்தையும் கொடுத்தவர் தலையிலேயே வைத்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவர் 1993இல் பிடிபட்டார். தனக்கு விளங்காத சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் பதிந்திருந்தது. அதை வைத்தே 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது. அந்த வழக்கு நியாயமாக நடக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. எந்தக் கற்பனைக் கதையை விடவும் இதுதான் என் நெஞ்சை அடைத்தது. வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழே ஒரு பெருவிரல்.

சரி, மொழி வருத்தம் மட்டும் தரும் என்று நினைக்க வேண்டாம். துப்பு அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. சிங்களத்தில் ‘மம’ என்றால் ‘நான்’. குத்துப்பட்டுக் கிடப்பவன் ‘மம...’ என்று தொடங்கி முடிக்காமலே செத்துப்போகிறான் என்று வையுங்கள். பக்கத்தில் நின்ற நம் ஊர்ப் பெடியனின் காதில் அது ‘மாமா’ என்று விழுகிறது. பொலிஸ் போய் மாமனைப் பிடிக்கிறது. சாகிறவன் தன் சாவுக்கான காரணத்தைப் பற்றிச் சொன்னதை நம் நாட்டுச் சட்டம் சாட்சியமாக எடுக்கும், ஆகவே அந்த ஒரு சொல் மாமனைத் தூக்குமேடை வரைக்கும் இழுக்கலாம். இன்னொன்று: நாம் புதுக்கடை என்கிற இடத்தைச் சிங்களவர் அளுத்கடே என்பார்கள். தமிழில் மிரட்டல் அழைப்பு எடுத்தவன் வாய்தவறி அளுத்கடே என்று சொன்னால்? அல்லது யாழ்ப்பாணத்தான் என்று சொல்லி லொட்ஜில் தங்கியிருப்பவன் பேச்சு வாக்கில் ‘பிறகு’ என்பதற்கு நம் மட்டக்களப்புப் பக்கம் சொல்கிற ‘மறுகா’ என்று சொல்லிவிட்டால்? அவன் வாவிக்கரைப் பிள்ளை என்று நம் வாசகன் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவான். சென்னையில் இருந்து எழுதுகிற எந்தக் கெட்டிக்காரராலும் இதைச் செய்ய முடியாது.

லொட்ஜ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ் அறைகளை வெறும் மர்மத்துக்காக இருட்டாக வர்ணிக்கிறீர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 300இற்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. வெளிநாட்டுப் பயணத்துக்கும் வைத்தியத்துக்கும் வேலைக்கும் போய்த் தங்கியிருந்த சனம் அது. அந்தக் காலத்தில் அங்கே படுத்தவர்களுக்குக் கதவில் தட்டுச் சத்தம் கேட்டால் முதலில் கை போவது அடையாள அட்டைக்குத்தான். உங்கள் கதையில் கதவு தட்டப்படும்போது அந்தக் கையையும் எழுதுங்கள்.

மற்றச் சின்னப் பிழைகளை நான் பெரிதுபடுத்தவில்லை. விளக்கமறியலை ரிமாண்ட் என்று எழுதினாலும் எங்களுக்கு விளங்கும். ஆனால் முதலியார் இல்லாத கொழும்பு வழக்கை மட்டும் எழுத வேண்டாம். தமிழர் ஒருவர் குற்றஞ்சாட்டப்பட்டு நிற்கிற அந்தக் கோட்டில், இரண்டு பக்கமும் சொல்வது முழுதாக விளங்குகிற ஒரே ஆள் சிலவேளை அவர்தான்.

ஒரு நாள் காலையில் கோட்டுக்குப் போங்கள். திறந்த மன்றில் யாரும் பின் வாங்கில் போய் இருக்கலாம். தொலைபேசியை நிறுத்திவிட்டு முதலியாரின் வாயையே கவனியுங்கள். சாட்சி இரண்டு நிமிடம் பேசியதை அவர் ஒரே வசனத்தில் முடித்தால், விடுபட்டது என்ன என்று கேட்டுக்கொண்டு உங்கள் முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
இளைப்பாறிய கோட் முதலியார் ஒருவர்
மட்டக்களப்பு