55-ஆவது தேர்வில் இருந்த கணக்கு: லேக்கர்ஸ் பொது மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ராப் பெலிங்கா அவர்களுக்கு,

2024 ஜூன் 27 அன்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயில் அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் இரண்டாம் சுற்றில், உங்கள் நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸின் மகன் பிரானி ஜேம்ஸை 55-ஆவது ஆளாக எடுத்தீர்கள். அப்பாவின் பெயரால் கிடைத்த இடம் என்று வம்பு கிளம்பியது. உழைத்துச் சம்பாதித்த இடம் என்றார் பயிற்சியாளர் ஜே.ஜே. ரெடிக். கூடவே வியாபாரமும் உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பாதி வம்பு அன்றைக்கே அடங்கியிருக்கும்.

யுஎஸ்சி கல்லூரி அணிக்கு 25 ஆட்டங்களில் சராசரி 4.8 புள்ளி, மூன்று புள்ளி எறிதலில் 26.7 சதவீதம். அதற்கு முந்தைய ஜூலையில் பயிற்சியின்போது இதயம் நின்று உயிர் பிழைத்தவர் என்பதைக் கணக்கில் எடுத்தாலும், இந்த எண்களுக்கு யாரும் டிராஃப்டில் கூப்பிடுவதில்லை.

அதற்காக, ஜெர்சி விற்கத்தான் எடுத்தார்கள் என்போர் சொல்வதும் சரியல்ல. அரங்கத்துக்கு வெளியே விற்கும் ஜெர்சிப் பணம் லீக்கின் பொதுக் கணக்குக்குப் போய் 30 அணிகளுக்கும் பிரிகிறது. டிக்கெட் விற்க அப்பா ஒருவரே போதும்!

வியாபாரம் இருந்தது சம்பளப் பட்டியலில். டிராஃப்ட் முடிந்த இரண்டே நாளில் லெப்ரான் தன் ஒப்பந்தத்தில் மீதமிருந்த 5.14 கோடி டாலர் ஆண்டை வேண்டாமென்று விட்டு வெளியேறினார். பிறகு உங்களிடமே, அதிகபட்சத்தைவிடச் சற்றுக் குறைத்து, சுமார் 4.87 கோடிக்குக் கையெழுத்திட்டார். காரணம், அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் 'செகண்ட் ஏப்ரன்' என்ற வரம்பு. 2024-25 பருவத்தில் அது சுமார் 18.89 கோடி டாலர். தாண்டினால் இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பெரிய வீரரை மாற்றிக்கொள்ள முடியாது. ஏழாண்டு கழித்து வரும் டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் வேறு அணிக்குக் கொடுக்க முடியாமல் முடங்கும். ஒரு லட்சம் டாலர் இடைவெளிகூட இல்லாமல் வரம்புக்குக் கீழே நின்றீர்கள்.

கடைசி இடத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு மூத்த வீரரைச் சேர்த்தால் அந்த வரம்புக் கணக்கில் ஏறியிருக்கக்கூடியது சுமார் 20.87 லட்சம் டாலர். டிராஃப்டில் யாரும் எடுக்காத புதுமுகத்தைச் சேர்த்தாலும் அதே தொகைதான். நீங்களே டிராஃப்டில் எடுத்த பிரானிக்கு ஏறியது வெறும் 11.57 லட்சம். அப்பாவை அணியில் வைத்துக்கொள்ளவும் மகன் உதவினார், வரம்புக்குள் நிற்கவும் உதவினார். டூ-வே ஒப்பந்தத்துக்கு (15 பேர் பட்டியலில் சேராமல், லேக்கர்ஸுக்கும் அதன் கிளை அணிக்கும் மாறிமாறி ஆடும் ஒப்பந்தம்) வரமாட்டோம் என்று இருவருக்கும் முகவரான ரிச் பால் முன்பே அறிவித்திருந்ததால், 15 பேரில் ஓர் இடம் போனது, செலவு அவ்வளவே.

2024 அக்டோபர் 22 அன்று அப்பாவும் மகனும் சேர்ந்து ஆடிய அந்த இரண்டரை நிமிடத்திலும் எங்களுக்குக் குறையில்லை. குறை அதற்குப் பிறகுதான். பிலடெல்பியாவில் எதிரணியின் நட்சத்திரம் டைரீஸ் மேக்ஸியைத் தடுக்கச் சொல்லி பிரானியை இறக்கினீர்கள்: 15 நிமிடம், ஐந்து எறிதல், ஒன்றும் விழவில்லை. என்பிஏயின் வளர்ப்பு லீக்கான ஜி-லீக்கிலோ தொடக்கத்தில் உங்கள் கிளையான சவுத் பே அணியின் உள்ளூர் ஆட்டங்களுக்கு மட்டும் அனுப்பினீர்கள். வெளியூரிலும் ஆடவிட்டதும் வேலி சன்ஸ் அணிக்கு எதிராக 30 புள்ளி எடுத்தார்.

இரண்டாம் சுற்றில் வந்த மற்றவர்களை எப்படி வளர்ப்பீர்களோ அப்படியே இவரையும் வளருங்கள். பேருந்துப் பயணம் உட்பட முழுப் பருவமும் சவுத் பேயில் ஆடட்டும். அடுத்த முறை ஒரு நட்சத்திரத்தின் மகனை எடுக்கும்போது, மேலே உள்ள கணக்கைச் செய்தியாளர் கூட்டத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
என்பிஏ ஒப்பந்த விதிகளைக் கூர்ந்து படிக்கும் ரசிகர்கள் சிலர்