ரேகை கேட்டார்கள், கட்டைவிரலை நீட்டினார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் எழுதிக் கொடுப்பேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் கடையில் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் என் கடைக்கு வந்திருக்கவே வேண்டியதில்லை.

இந்த ஆண்டு வந்தவர்களில் ஒரு தாய், தமிழ்நாட்டிலிருந்து வந்து தோட்டம் தோட்டமாக மாறி மாறிக் காய் எடுப்பவர். எட்டு வயது மகளைச் சேர்க்கப் பள்ளிக்குப் போயிருக்கிறார். "ரேகை உண்டோ?" என்று கேட்டிருக்கிறார்கள். மலையாளத்தில் ரேகை என்றால் ஆவணம். கைரேகை கேட்கிறார்கள் என்று நினைத்து இவர் கட்டைவிரலை நீட்டியிருக்கிறார். அதைச் சொல்லி என்னிடம் சிரித்தார். நீட்டிக் காட்டிய விரலில் ஏலக்காய்க் கறை ஏறியிருந்தது.

பிள்ளை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பிறப்பை யாரும் பதியவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் ஆதார் இல்லை. பள்ளியில் எழுதி வாங்கி வா என்றது ஆதார் மையம். ஆதாரோடு வா என்றது பள்ளி. இரண்டுக்கும் நடுவே அந்தத் தாய்க்கு நான்கு நாள் கூலி போயிற்று.

சட்டமோ வேறு மாதிரி இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவில் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அப்படியே. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. தலைமையாசிரியர்களை மட்டும் திட்டுவதிலும் நியாயமில்லை. கேரளத்தில் ஆறாவது வேலை நாளில் எடுக்கும் தலைக்கணக்கை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகிறது. அந்தக் கணக்கில் ஏற ஆதார் எண் வேண்டும் என்று அரசு சொல்லிவந்தது. எண் இல்லாத பிள்ளையைச் சேர்ப்பதால் தமக்கென்ன லாபம் என்று பள்ளி நினைத்தால், அப்படி நினைக்க வைத்தது யார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் தோட்டங்களுக்கென்றே 9-ஆம் பிரிவு இருக்கிறது. நான்கு ஹெக்டேருக்குக் குறையாத தேயிலை, காப்பி, மிளகு, ரப்பர், ஏலத் தோட்டங்களில் குழந்தை பிறந்தால் பதிவாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டியது தோட்டத்தின் கண்காணிப்பாளர். இத்தனை வருடம் மனு எழுதியும் இது எனக்கே தெரியாது. எடை போடும்போது ஒரு கிலோ காயைத் தவறவிடாத கணக்குப்பிள்ளை, ஒரு பிள்ளையைத் தவறவிட்டிருக்கிறார்!

இதை எனக்குச் சொன்னவர், இலவசச் சட்ட உதவி தரும் தாலூகா சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலர் ஒருவர். ஒருநாள் கடையை அடைத்துவிட்டு அந்தத் தாயை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். காசு எவ்வளவு ஆகும் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு அவர்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு பள்ளிக்குப் போனோம். மறுநாளே பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தாள். பிறப்புப் பதிவு இனிமேல்தான். ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டியிருந்தது. 2023 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியரோ, சப்-கலெக்டரோ, ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட்டோ உத்தரவிடலாம். அதற்கான மனுவைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். பதில் மலையாளத்தில் வந்தது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்பது கேரள ஆட்சிமொழிச் சட்டம். அதுவும் 1969-இல் வந்ததுதான்.

சட்டப் பணிகள் குழுவினர் முகாம் நடத்துகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் டவுனில், வேலை நாளில், மலையாளத்தில் நடத்துகிறார்கள். ஜூன் மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஆளேற்றி வரும் ஜீப்புகள் நிற்கும் இடத்திலோ லயத்து முற்றத்திலோ, தமிழ் தெரிந்த ஒரு வக்கீலையும் பஞ்சாயத்துப் பதிவாளரையும் உட்கார வையுங்கள். என் ஜெராக்ஸ் எந்திரத்தை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். கரண்ட் மட்டும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரி,
உடும்பன்சோலை தாலூகா