வக்கீலம்மாவுக்கும் நுளம்பு வலை தந்த வீடுகளுக்கும்

மழை விட்டுவிட்டது. காதுக்குள் மண் சரிந்த அந்தச் சத்தம் மட்டும் இன்னும் விடவில்லை. நடந்ததை இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சோற்றுப் பார்சலோடு ஏறிவந்த ஹட்டன் பொடியன்மார், மண் வெட்டிய கீழ் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) ஆட்கள், கோவில் மண்டபத்தைத் திறந்துவிட்ட பூசாரி ஐயா, பௌத்த பன்சலையிலிருந்து பால்மா அனுப்பிய பிக்கு ஹாமதுரு, தூங்காமல் பெயர் எழுதிய கிராம சேவகர், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். இந்த மடலின் மிச்ச இடம், மழையில் நனைந்த எங்கள் பத்திரங்களை வக்கீலம்மா காப்பாற்றிய கதைக்கு.

வக்கீலம்மா கூடலூர்ப் பக்கத்தவர். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய நம் சனத்துக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தேயிலைத் திட்டம் தொடங்கியது அந்த நீலகிரியில்தான். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்தவரை யாரோ "சட்டத்தரணி அம்மா" என்று கூப்பிட, "இங்க நான் சட்டத்தரணி இல்லீங்க, வெறும் வக்கீல். இந்த நாட்டு கோர்ட்டுல எனக்கு வாய் கிடையாது" என்றார். சத்தியக்கடதாசிக்குக்கூட உள்ளூர் சமாதான நீதவானைத்தான் கூட்டிவரச் சொன்னார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, சேறு அப்பிய ஷொப்பிங் பேக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மூன்று இரவுகளில் அவர் செய்து காட்டியதை அப்படியே எழுதிவைக்கிறோம். அடுத்த மழைக்கும் இது வேண்டும்.

நனைந்த கடதாசிக் கட்டினை விரலால் பிரிக்கக் கூடாது. ஓரம் கையோடு வந்துவிடும். மேல் தாளின்மேல் சுத்தமான பொலித்தீன் துண்டொன்றை விரித்து, உள்ளங்கையால் மெதுவாகத் தடவி, ஒரு மூலையிலிருந்து தூக்கினால் தாள் பொலித்தீனோடு ஒட்டிக்கொண்டு வரும். சேற்றைக் கழுவுமுன் எழுத்தின் ஓரத்தில் ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சில் நீலமோ ஊதாவோ ஏறினால் அது மைப்பேனை எழுத்து அல்லது ரப்பர் முத்திரை; தண்ணீர் காட்டக் கூடாது, காயவிட்டு மென்தூரிகையால் மண்ணைத் தட்ட வேண்டும். குமிழ்முனைப் பேனை எழுத்துப் பெரும்பாலும் தாங்கும். அதைத் தட்டத்தில் அலசலாம். ஒற்றி எடுக்க அச்சடித்த பத்திரிகை ஆகாது, அதன் மை இதில் ஏறும். எழுதாத வெள்ளைத் தாளே வேண்டும்.

லெமினேட் பண்ணினால் பத்திரம் என்று நம்பியவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். ஓரத்தால் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே பூஞ்சணம் பிடித்தது. உறையை உரித்தால் எழுத்தும் சேர்ந்து உரியும். தண்ணீர் நிற்கும் பக்கத்தை மட்டும் கத்தரிக்கோலால் திறந்துவிட வேண்டும். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிறகு பிரியாது, ஈரமாக இருக்கும்போதே பிரித்து முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். இரண்டு நாளில் பூஞ்சணம் கிளம்பிவிடும் என்பதால், கை போதாத கட்டுகளைப் பையில் சுற்றிக் கடைக்காரரின் ஐஸ் பெட்டிக்குள் உறையவைத்தோம். உறைந்த கடதாசியில் பூஞ்சணம் வளராது.

எங்கே காயவைப்பது? வெயிலே இல்லை, இருந்திருந்தாலும் தாளை நெளித்து, மையை வெளிறவைத்திருக்கும். பெக்டரியில் கம்பி வலைமேல் கொழுந்தைப் பரப்பி விசிறிக் காற்றில் வாட்டும் தொட்டியைக் கேட்டது அவர்தான். தேயிலை ஊர்க்காரருக்குத்தான் அந்த யோசனை வரும்! தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா மறுபேச்சில்லாமல் பெக்டரி மேல்மாடியைத் திறந்தார். கம்பி வலையின் தடம் விழாமல் கீழே வெள்ளைத் துணி, அதன்மேல் கடதாசி, காற்றில் பறக்காமலிருக்க மேலே நுளம்பு வலை. காற்றின் ஈரத்தை அறிய வைத்திருக்கும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் விசிறி மூட்டத்தைத்தான் உள்ளே தள்ளுகிறது என்று, ஜன்னலைச் சாத்திக் கொஞ்சமாகச் சுடுகாற்றைக் கலந்துவிட்டார் ஐயா.

பிறப்புப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாடும் கிராம சேவகரும் இருக்கிறார்கள் என்று அவற்றை இரண்டாம் வரிசைக்குத் தள்ளிய வக்கீலம்மா, குப்பை என்று நாங்கள் ஒதுக்கிய ஒன்றை முதல் வரிசையில் வைத்தார். மேல் லயத்துப் பாட்டி ஒருவரின் 1963ஆம் ஆண்டு பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் அது. மைப்பேனை எழுத்து, மடிப்பில் மூன்றாகக் கிழிசல். இந்திய வம்சாவளியினருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களையும் அவர்கள் வழி வந்தவர்களையும் பற்றியது. அந்தத் தேதிக்கு முன்பே பாட்டி இந்த மண்ணில் இருந்தார் என்று சொல்ல அவர் கையில் வேறு துண்டு இல்லை. திரும்பக் கேட்டு வாங்க அந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. கழுவாமல், ஒட்டாமல், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே அதைக் காயவைக்க ஓர் இரவு முழுக்கப் போனது. டேப் ஒட்டவும் விடவில்லை, பசை நாளாக மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடுமாம்.

பெயரையும் படத்தையும் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வக்கீல் தன்னை விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 36ஆவது விதி. ஒரு நன்றி மடல் அதற்குள் அடங்குமா என்பது எங்களுக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் அவர் பேச்சைத் தட்டவில்லை.

இனி ஒவ்வொரு லயத்திலும் மூலப் பத்திரங்கள் மூடி இறுகிய பிளாஸ்டிக் வாளியில், பிரதிகள் தோட்டத்தின் வேறு டிவிஷனில் (பிரிவில்) உள்ள சொந்தக்காரர் வீட்டில். தைப்பொங்கலுக்குள் செய்து முடிப்பதாக வக்கீலம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

வலை தந்த வீட்டாருக்கு: பதினொரு நுளம்பு வலைகளும் துவைத்து மடித்துக் கோவில் மண்டபத்தில் இருக்கின்றன. நீல ஓரம் வைத்த ஒன்று கம்பியில் மாட்டிக் கிழிந்துவிட்டது, தைத்து வைத்திருக்கிறோம். அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.