இன்னும் குஞ்சு விடாதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாளியில் கிடந்த 11 ஜிலேபி மீனும் ஒரே அளவு. உள்ளங்கையைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. தலை பெருத்து, முதுகு கத்தி மாதிரி ஒடுங்கியிருக்கிறது. “மீன் பெருசாகவே மாட்டேங்குதுப்பா, இன்னும் 500 குஞ்சு விடப்போறேன்” என்கிறாய். விடாதே. உன் குளத்தில் மீனுக்குப் பஞ்சமில்லை, இரைக்குத்தான் பஞ்சம்.

ஒரு குளம் இத்தனை கிலோ மீனைத்தான் தாங்கும். அந்த எடை நூறு மீனாகவும் இருக்கலாம், ஆயிரம் பொடியாகவும் இருக்கலாம். நீயோ பாவம் பார்த்துப் பொடியையெல்லாம் தண்ணீரில் திரும்ப விட்டுவிட்டு, எப்போதாவது சிக்கும் விராலை வீட்டுக்குக் கொண்டுபோகிறாய். அந்தப் பொடிகளைத் தின்று குறைக்க வேண்டியதே விரால்தானே!

ஜிலேபி ஒரு விசித்திரமான மீன். நெருக்கடி வந்தால் வளர்வதை விட்டுவிட்டுச் சிறு வயதிலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும். தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் நிறையவே பிழைத்துக்கொள்ளும். கரையோரம் ஆழமில்லாத இடத்தில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம் தெரிகிறதா பார். ஆண் மீன் தோண்டியதுதான் அது. எத்தனை பள்ளம் என்று எண்ணி எழுது.

முதலில் இழுவலை போட்டுப் பொடியை வாரி வெளியே எடு. ஒரு தடவையில் தீராது, திரும்பத் திரும்பப் போட வேண்டும். தூண்டிலில் வரும் பொடியையும் திரும்ப விடாதே. விரால் சிக்கினால் மட்டும் முள்ளைப் பதமாகக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடு. கூடுதலாகக் கொஞ்சம் விராலும் வாங்கி விடலாம். ஆனால் கட்லா, ரோகு குஞ்சுகள் உள்ளே இருந்தால் அவை நன்றாக வளர்ந்த பிறகுதான், இல்லாவிட்டால் அவையும் போய்விடும். மழை நாளில் விரால் கரையேறி ஊர்ந்து போகும் என்பதால் வரப்பைச் சுற்றி வலை கட்டு.

அப்புறம், களைக்கு மருந்து அடிக்கப்போவதாக எழுதியிருந்தாய். அதில் நான் ஒருமுறை கெட்டிருக்கிறேன். ஒரே நாளில் குளம் முழுக்க அடித்தேன். செடியெல்லாம் செத்து அழுகியது, போதாததற்கு வானம் மூடிக்கொண்டது. நாலாம் நாள் விடியற்காலை போனால் தண்ணீர் முழுக்க வாய். மேல்மட்டத்துக்கு வந்து ஒவ்வொன்றும் பொளக் பொளக்கென்று காற்றைக் கவ்விக்கொண்டிருந்தது. அழுகும் செடி பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. இரவில் பாசியும் சுவாசிப்பதால் விடிகிற நேரத்தில்தான் அது ஆகக் குறைவு. ஆசை ஆசையாக வளர்த்த பெரிய மீன்கள்தான் முதலில் மிதந்தன. நீ மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் அடி, அல்லது கையாலேயே வாரு. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இருந்தால் பகலில் சும்மா ஓட விடாமல் இரவு முழுக்க ஓட்டு.

தண்ணீரின் பச்சையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதுதான் இரைக்கு அடிப்படை. பச்சை அளவாக இருக்கிறதா என்று பார்க்க 20 செ.மீ. அகல வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கு. செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-லேயே கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி இப்படிப் பார்த்திருக்கிறார். 45 முதல் 60 செ.மீ. ஆழத்தில் தட்டு மறைந்தால் நல்லது. 30-க்குள்ளேயே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, தீனியைக் குறை. பச்சையாக இல்லாமல் சேறாகக் கலங்கியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

ஒரு நோட்டு போட்டு, பிடிக்கும் ஒவ்வொரு மீனின் நீளத்தையும் எடையையும் எழுதி வா. வாங்கிய விரால் குஞ்சு பையில் வந்ததும் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் குளத்திலேயே மிதக்க விடு, சூடு சமமான பிறகு அவிழ்த்துவிடு. அடுத்த மாதம் நான் வரும்போது இழுவலையின் மறுமுனையை நான் பிடிக்கிறேன்.

அப்பா