அந்தக் கழிப்பறையின் பூட்டைக் கழற்றுங்கள்

பொதுக் கட்டடங்களைக் கட்டிப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒரு சான்றிதழுக்காக அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. இதே அனுபவம் வேறு இரண்டு இடங்களிலும் எனக்கு நேர்ந்திருக்கிறது, அதனால் ஓர் இடத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் சாய்தளம் ஒழுங்காக இருந்தது. 60 செ.மீ. உயரம் ஏற 7.2 மீட்டர் நீளமாவது வேண்டும், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கு உங்களுக்குத் தெரியும். பல இடங்களில் படிக்கட்டின் ஓரத்தில் சிமென்டைச் சரித்துப் பூசிவிட்டு அதையே சாய்தளம் என்கிறார்கள். அதில் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும், இறங்கும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே அப்படி இல்லை. சக்கர நாற்காலியை நானே உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். யாரிடமும் "கொஞ்சம் தள்ளிவிடுங்கள்" என்று கேட்காமல் ஒரு வாசலைக் கடப்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் புரியுமா தெரியவில்லை.

காத்திருப்பு நீண்டது. மூன்று மணி நேரம் கழித்துக் கழிப்பறையைத் தேடிப் போனேன். கதவில் சக்கர நாற்காலிப் படம் பளிச்சென்று ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு பூட்டு.

சாவி ஒருவரிடம் இருக்கிறது, அவர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். நாற்பது நிமிடம் அந்தக் கதவுக்கு முன்னாலேயே இருந்தேன். போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரும் நான் எதற்காக அங்கே நிற்கிறேன் என்று தெரிந்தே கடந்து போனார்கள். கடைசியில் சாவி வந்தது, கதவும் திறந்தது. உள்ளே உடைந்த நாற்காலிகள், பழைய கோப்புக் கட்டுகள், துடைப்பங்கள், பெயிண்ட் டப்பாக்கள். சுவரில் பிடித்து எழும்பக் கம்பி வைத்திருந்தார்கள். அதில் ஒரு கயிறு கட்டித் தரை துடைக்கும் துணியைக் காயப் போட்டிருந்தார்கள்.

இதில் என்ன அவசரம் என்று ஒருவர் கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, உங்களுக்காவது சொல்கிறேன். எனக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. என் போன்ற பலருக்குச் சிறுநீர் தானாக வெளியேறாது, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் என்ற மெல்லிய குழாய் போட்டு எடுக்க வேண்டும். அதற்குச் சுத்தமான இடம் வேண்டும், கை கழுவத் தண்ணீர் வேண்டும். தள்ளிப்போட்டால் தொற்று வரும், நாளடைவில் சிறுநீரகத்தையே பாதிக்கும். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். அது உயிருக்கே ஆபத்து.

அதனால் நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? வெளியே போக வேண்டிய நாளில், முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறோம். ஒரு கையெழுத்து வாங்கத் தாகத்தோடு கிளம்புகிறோம். இதைப் பல வருடமாகச் செய்கிறேன். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டதும் உண்டு. இனி கூச்சம் இல்லை.

ஐயா, அம்மா, அந்தப் பூட்டைக் கழற்றுங்கள். உள்ளே கிடக்கும் சாமான்களை வேறு அறைக்கு மாற்றுங்கள். இதற்கு டெண்டர் வேண்டாம், புதிய நிதி ஒதுக்கீடு வேண்டாம், ஒரு நாள் காலை நேரம் போதும்.

புதிதாகக் கட்டும் இடங்களில் இன்னும் சில உண்டு. கதவு 90 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறந்தால் நாற்காலி உள்ளே போனபின் கதவைச் சாத்த முடியாது. நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தொகையைக் கொடுப்பதற்கு முன்னால், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் அந்த அறைக்குள் போய் வந்து "சரி" என்று சொல்லட்டும்.

2006இல் ஐ.நா. பொதுச்சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. எங்களைப் பாதிக்கும் முடிவுகளில் எங்களைக் கலந்து பேச வேண்டும் என்று அதில் இருக்கிறது. யார் எங்களைக் கேட்டார்கள்? பார்வையற்றவர்கள் காலால் தடவி வழி அறியப் பதித்த தொடுதரை ஓடுகள் நேராகப் போய்த் தூணில் முட்டுகின்றன. டோக்கன் கருவி வெறும் தொடுதிரை, பேசாது. காது கேளாதவர் வரிசையில் இருக்கும்போது எண்ணை வாயால் மட்டும் கூப்பிட்டு, வரவில்லை என்று அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். திறப்பு விழாவில் எங்களை முன்வரிசையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறீர்கள், வரைபடம் போடும்போது எங்களில் ஒருவரைக்கூடக் கூப்பிடுவதில்லை.

கோபத்தில் பேச்சு எங்கேயோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவை எல்லாவற்றையும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போதைக்கு என் கோரிக்கை ஒன்றுதான். உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு கட்டடத்திலும் அந்தக் கழிப்பறையின் பூட்டைக் கழற்றச் சொல்லி ஓர் உத்தரவு போடுங்கள். போட்டதோடு விடாமல், ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் போய்க் கதவைத் தள்ளிப் பாருங்கள்.

சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று காலை தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கதவுக்கு வெளியே காத்திருந்தவன்