கொடைக் கமிட்டியாருக்கு: ஒரு ராத்திரியை எஸ்.டி. சுப்புலட்சுமிக்குக் கொடுங்கள்

தாமிரபரணிக் கரை ஊர்களின் அம்மன் கோயில் கொடை விழாக் கமிட்டித் தலைவர்களுக்கும், ராத்திரி உட்கார்ந்து கணக்கெழுதும் பொருளாளர்களுக்கும், வரி பிரிக்க வீடுவீடாக ஏறி இறங்கும் தம்பிமார்களுக்கும்,

வணக்கம். இந்த வருஷக் கொடைக்கு வரி போடக் கூட்டம் கூட்டுவீர்கள் அல்லவா, அதற்கு முன்னால் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். பணம் கேட்டு எழுதவில்லை. சிலை, மணிமண்டபம் என்று மனு கொடுக்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை கொடை முடிந்து மறுநாள் புதன்கிழமை ராத்திரி இன்னிசைக் கச்சேரி வைக்கிறீர்களே, அந்த ஒரு ராத்திரியைத்தான் கேட்கிறேன். ஒரே ஒரு வருஷத்துக்கு. அன்றைக்குப் பவளக்கொடி நாடகம் போடுங்கள். நோட்டீஸில் எஸ்.டி. சுப்புலட்சுமி என்ற பெயரை அச்சடியுங்கள்.

யார் அது என்று கேட்பீர்கள். சுப்புலட்சுமி என்றாலே நம் ஆட்களுக்கு எம்.எஸ். மட்டும்தான் ஞாபகம் வரும். தப்பில்லை. ஆனால் இந்த அம்மாளின் இன்ஷியலைக் கொஞ்சம் கவனியுங்கள். எம்.எஸ். என்றால் மதுரை சண்முகவடிவு, அதாவது ஊர்ப் பெயரும் அம்மா பெயரும். எஸ்.டி. என்றால் ஸ்ரீவைகுண்டம் துரைசாமி, ஊர்ப் பெயரும் அப்பா பெயரும். தமிழ்ப் பேசும்படம் நடை பழகிய காலத்திலேயே கதாநாயகியாகத் திரைக்கு வந்த இந்த அம்மாள், டைட்டில் கார்டு ஒவ்வொன்றிலும் நம்ம ஊரை முதலெழுத்தாக வைத்திருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு இப்போதெல்லாம் ஸ்ரீவைகுண்டம் என்றால், 2023 டிசம்பரில் திருச்செந்தூர் ரயில் நடுவழியில் நின்ற ஸ்டேஷன் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிகிறது. கொஞ்சம் படித்தவர்கள் இங்கே பிறந்த புலவர் குமரகுருபரரைச் சொல்வார்கள், கோயில் பெருமாள் கள்ளபிரானைச் சொல்வார்கள். இவரைச் சொல்ல ஆள் இல்லை.

எனக்கு இவரைக் காட்டித் தந்தது எங்கள் ஆச்சி. ஆச்சி வீட்டு மர அலமாரியில், ஆனந்த விகடனில் கல்கி எழுதிய தியாகபூமி தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த ஒரு பைண்டு இருந்தது. அந்தத் தொடருக்கு ஓவியம் கிடையாது. கதையும் படமும் கூடவே வளர்ந்ததால், படத்தில் எடுத்த ஸ்டில்களையே போட்டிருந்தார்கள். அதில் ஒரு முகத்தின்மேல் விரலை வைத்து ஆச்சி சொல்லுவாள், "ஏட்டி, இவ சீவைகுண்டத்துப் பிள்ள, பாத்துக்கோ." படத்தை ஆச்சி பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. அந்தக் கதையை மட்டும் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். ஏன் பவளக்கொடி? காரணம் இருக்கிறது. அந்த நாடகத்தை மேடைக்கு எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடி பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். 1986இல் ஜில்லாவைப் பிரிக்கும்வரை அதுவும் திருநெல்வேலிச் சீமைதான், ஸ்ரீவைகுண்டமும் அப்படியே. பிள்ளை பவளத்தேர் கேட்டு அடம்பிடிக்க, பவளம் தேடிப் போன அர்ச்சுனன் பவளக்கொடியைக் கண்டு மயங்கும் கதை. அல்லி அரசாணி மாலை கேட்டு வளர்ந்த ஊர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அர்ச்சுனனாக எம்.கே. தியாகராஜ பாகவதரும் பவளக்கொடியாக எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் ஆடிய ஜோடியை, அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய்ச் சினிமாவில் வைத்தார்கள். 1934இல் வந்த அந்தப் படம்தான் பாகவதருக்கு முதல் படம், சுப்புலட்சுமிக்கு முதல் படம், இயக்கிய கே. சுப்ரமணியத்துக்கும் இயக்குநராக முதல் படம். பாகவதர் பெயர் மட்டும் இன்றைக்கும் டீக்கடையில்கூட அடிபடுகிறது. அர்ச்சுனனுக்கு ஞாபகத்தில் இடம் கொடுத்துவிட்டு, நாடகத்தின் பெயரையே சுமக்கிற பவளக்கொடியை மறந்துவிட்டோம்.

இளவட்டங்களுக்காக ஒன்று சொல்கிறேன். அந்தப் படத்தில் சுமார் ஐம்பது பாட்டு. பின்னணிப் பாடகர் என்ற பேச்சே அப்போது கிடையாது. காமிரா ஓட ஓட, நடிப்பவரே தொண்டையைத் திறந்து பாட வேண்டும், சுருதி விலகினால் மறுபடி முதலிலிருந்து. சென்னை அடையாறில் எடுத்தார்கள், விளக்கு போட்டு அல்ல, வெயில் வெளிச்சத்தில். மேகம் மறைத்தால் வேலை நின்றது. சாப்பிட்டுப் போட்ட எச்சிலுக்கு வந்த காக்காய்களின் சத்தம் ஒலிப்பதிவில் விழுந்துவிடுகிறது என்று, காக்காய் விரட்டத் துப்பாக்கியோடு ஓர் ஆளையே வைத்திருந்தார்களாம். இத்தனைக்கும் நடுவில் பவளத்தீவு இளவரசியாக நின்று பாட, ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய மேடையில் நின்ற பழக்கம் வேண்டும். மைக்செட் வருவதற்கு முந்திய காலத்து மேடை அது. கடைசி வரிசையில் பாய் விரித்தவன் காதுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும்.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். கதாநாயக வேஷம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகி வேஷக்கார ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, சிரிக்க வைக்கிற பபூன் வேறெங்கிருந்தோ. ஒத்திகை கிடையாது. சாயங்காலம் வந்து இறங்கி, பவுடர் பூசிக்கொண்டு, ஆர்மோனியக்காரர் கட்டை பிடித்ததும் திரை தூக்கிவிடுவார்கள். நடுவில் தர்க்கம் வரும். அவர் ஒரு கேள்வி போட, இவர் மடக்கிப் பதில் சொல்ல வேண்டும். அதில் தோற்றால் ஊர் சிரிக்கும். பாட்டும் வாயும் இல்லாத பெண் அந்த மேடையில் ஒரு மணிநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. பழைய நடிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் "அழகும் குரல்வளமும் வாய்த்தவர்" என்று ஒரே வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம். வாய்த்ததென்ன வாய்த்தது, உழைத்துப் பெற்றது.

1936இல் நவீன சாரங்கதரா வந்தது. அதில் சுப்புலட்சுமிக்குச் சித்ராங்கி வேடம், சக்களத்தி மகன்மேல் ஆசைப்பட்ட ராணி. அதே வருஷம் பக்த குசேலா. இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. குசேலராகப் பாபநாசம் சிவன் நடித்தார். நம்ம பாபநாசம் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம், ஊர்க்காரர் என்று நோட்டீஸில் போட்டுவிடாதீர்கள். குசேலரின் மனைவி சுசீலையாக சுப்புலட்சுமி. கிருஷ்ணனாகவும் அவரே! பெண் ராஜபார்ட் கட்டுவது மேடைக்குப் புதுசில்லை. கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம் அதற்கு முந்திய வருஷம்தான் வந்திருந்தது. ஆனால் இந்த இரண்டு வேடத்தையும் ஒருத்தியிடமே கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். இருபத்தேழு பிள்ளைகளைப் பசியோடு வைத்துக்கொண்டு, கந்தல் துணியில் அவலை முடிந்து புருஷனை அனுப்பி வைக்கிறவள் அவள். துவாரகையில் உட்கார்ந்து அந்த அவலைப் பிடுங்கித் தின்கிறவனும் அவளே. கொடுத்தவளுக்கும் வாங்கினவனுக்கும் ஒரே முகம். இதை வேண்டுமென்றே யோசித்துச் செய்தார்களோ, நல்ல பாட்டுக்காரி ஒருத்தி கைவசம் இருக்கிறாளே என்று செய்தார்களோ, எனக்கு என்னவோ சாமி கதையை இதைவிட அழகாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அப்புறம் தியாகபூமி, 1939. கே. சுப்ரமணியம் அதற்கு முந்திய வருஷம் எம்.எஸ்ஸை வைத்து சேவாசதனம் எடுத்திருந்தார், இப்போது எஸ்.டி.யை வைத்து இந்தப் படம். கதையில் சாவித்திரி என்ற பெண். அப்பா சம்பு சாஸ்திரி, மறுபடியும் பாபநாசம் சிவன்தான். புயல் மழையில் வீடிழந்த சேரி மக்களுக்கு இடம் கொடுத்ததற்காக அவரை அக்ரகாரம் ஒதுக்கி வைக்கிறது. சாவித்திரியைப் புருஷன் விரட்டிவிடுகிறான். கையில் குழந்தையோடு நாதியில்லாமல் நின்றவள், பிறகு சொத்து சேர்ந்து உமா ராணியாகத் திரும்பி வருகிறாள். அப்போது அதே புருஷன் கோர்ட்டுக்குப் போகிறான், பெண்டாட்டி என்னோடு வந்து வாழ வேண்டும் என்று. கோர்ட்டில் அவள் சொன்ன பதிலைச் சொல்லும்போது எங்கள் ஆச்சி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாள். "வாழ வர மாட்டேன்னுட்டா. வேணும்னா ஜீவனாம்சத்த நான் உனக்குத் தாரேன்னுட்டா, ஏட்டி!"

அது 1939 என்பதை மறந்துவிடக்கூடாது. புருஷனைப் பிரிந்து தனியாக வாழவும் ஜீவனாம்சம் பெறவும் இந்துப் பெண்ணுக்கு உரிமை கொடுத்த சட்டம் 1946இல் வந்தது. மதராஸ் மாகாணத்தில் விவாகரத்துச் சட்டம் 1949இல். அதற்கெல்லாம் முன்னால் திரையில் ஒரு பெண் புருஷனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள், அந்தப் பெண்ணாக நின்றது நம்ம ஊர்க்காரி. கடைசியில் சாவித்திரி தேச சேவைக்கே போய்விடுகிறாள், பின்னால் டி.கே. பட்டம்மாளின் குரலில் தேசபக்திப் பாட்டு. வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா? படத்தைத் தடை செய்தான். தடை வருகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் டிக்கெட் இல்லாமல் இலவசமாகவே ஓட்டினார்களாம், கூட்டத்தின்மேல் போலீஸ் தடியடி நடத்தியதாம்.

சொந்த வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவர் கே. சுப்ரமணியத்தை மணந்துகொண்டார். சுப்ரமணியத்துக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது. அது அவர்கள் வீட்டு விஷயம். ஆனால் இன்றைக்கு எங்கே தேடினாலும் "இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் மனைவி" என்றுதான் முதல் வரி தொடங்குகிறது. சுப்ரமணியம் இயக்குநராகவும் சுப்புலட்சுமி நடிகையாகவும் தொடங்கியது ஒரே பவளக்கொடியில்தான். அதிலும் அவர் வக்கீல் வேலையிலிருந்து வந்தவர், இந்த அம்மாள் மேடையிலிருந்து வந்தவர். யார் யாரிடம் நடிப்புப் பழகியிருப்பார்கள் என்று கேட்டால் நான் சுப்புலட்சுமி பக்கம்தான் நிற்பேன். நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி, அதையும் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

இப்போது உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். கச்சேரி வைக்காவிட்டால் பையன்கள் முறுக்கிக்கொள்வார்கள், தெரியும். வில்லுப்பாட்டில் கைவைக்கச் சொல்லவில்லை. சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் பாடாமல் கொடை ஏது? கணியான் கூத்து வைக்கிற ஊர்களில் அதுவும் இருக்கட்டும். பவளக்கொடி ஆடுகிறவர்கள் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். வள்ளி திருமணத்துக்குத்தான் அவர்களுக்கு அழைப்பு அதிகம், பவளக்கொடி என்று கேட்டால் முகம் மலர்ந்து வருவார்கள். பேசும்போதே ஒன்றைச் சொல்லிவிடுங்கள், விடிய விடிய முழு நாடகம் வேண்டும் என்று. பபூன் காமிக்கை இரண்டு மணிநேரம் இழுத்துவிட்டு, அர்ச்சுனனை அவசரமாக உள்ளே தள்ளி மங்களம் பாடுகிற வேலை வேண்டாம். ஆபாசமாகப் பேசாத பபூனாகப் பாருங்கள், பொம்பளையாட்கள் கடைசிவரை உட்கார்ந்திருப்போம்.

எல்லா ஊரும் ஒரே வருஷம் செய்ய வேண்டும் என்றும் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர் செய்தாலே போதும்.

திரை தூக்குவதற்கு முன்னால் சவுண்ட் சர்வீஸ் தம்பி மைக்கில் இதை மட்டும் வாசிக்கட்டும்: "இன்றைய பவளக்கொடி நாடகம், 1934இல் இதே வேடத்தில் திரையில் தோன்றிய ஸ்ரீவைகுண்டம் துரைசாமி சுப்புலட்சுமி அம்மாள் நினைவாக நடத்தப்படுகிறது." எஸ்.டி. என்று சுருக்காமல் முழுசாக வாசிக்க வேண்டும். சில ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சொன்னால்தான் கூட்டத்தில் யாராவது திரும்பிப் பார்த்து "யாரு, நம்ம சீவைகுண்டமா?" என்பார்கள்.

ஏற்றுக்கொள்கிற ஊருக்கு என் பங்காகத் தலைக்கட்டு வரி இரண்டு மடங்கு தருகிறேன். நாடகக்காரர்களுக்கும் ஆர்மோனியம், மிருதங்கக்காரர்களுக்கும் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில், கூட்டாஞ்சோறும் பொரித்த அப்பளமும். எத்தனை பேர் என்பதை மட்டும் ஒரு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் குடியிருந்து கொடைக்குக் கொடை ஊர் வருகிற
ஸ்ரீவைகுண்டத்துக்காரி ஒருத்தி