செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் சங்க உறவுகளுக்கும் வணக்கம்.

லண்டன் வைத்தியசாலை வாட்டுகளில் தாதியருக்கு உதவியாக, ஹெல்த்கெயார் அசிஸ்டன்டாக வேலை செய்யும் நம்மவர்களின் இந்தச் சங்கம் இவ்வருடம் நான்கு முறை கூடியது. டிசம்பர் கூட்டத்துக்கு வந்தது ஏழு பேர்தான். மற்ற எல்லோரும் ஷிப்டில். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பாண்ட் 2 சம்பளத்துக்குப் பாண்ட் 3 வேலை. பாண்ட் என்பது அரச வைத்தியசாலைகளின் சம்பளப் படி, எண் கூடினால் சம்பளமும் கூடும்.

மூத்த அக்காமார் சேர்ந்த காலத்தில் இந்த வேலைக்கு நேர்சிங் ஒக்ஸிலரி என்று பெயர். உடம்பு துடைப்பது, சாப்பாடு தீத்துவது, கட்டில் விரிப்பது. அப்புறம் பயிற்சித் தாதியர் வாட்டை விட்டுப் பல்கலைக்கழகம் போனார்கள். அவர்கள் பார்த்த வேலை நம் கைக்கு வந்தது. இன்று பிரஷர், சீனி, ஈசிஜி, பல வாட்டுகளில் இரத்தம் எடுப்பதும் நாம்தான். மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் வைத்தியசாலையில் நோயாளிகள் கவனிப்பில்லாமல் கிடந்தது பற்றிய விசாரணை அறிக்கையும், நம்மைப் போன்ற உதவியாளர்களின் பயிற்சி பற்றிய கவெண்டிஷ் அறிக்கையும் 2013-இல் வந்தன. அவற்றின் பலனாக 2015-இல் கெயார் சேர்டிபிகேட் என்ற அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் வந்தது. நமக்கும் தாதியருக்கும் இடைப்பட்ட படியில் உள்ள நேர்சிங் அசோசியேட்டுகளை 2019 முதல் தாதியர் சபை பதிவு செய்கிறது. நமக்கு அப்படி ஒரு பதிவேடு இன்னும் இல்லை.

மார்ச் மாதப் பயிற்சி மாலை நன்றாக நடந்தது. ஓய்வுபெற்ற சிஸ்டர் ஒருவர் மூச்சு எண்ணுவதை மட்டும் ஒரு மணி நேரம் சொல்லித்தந்தார். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் இருந்துகொண்டு நெஞ்சைப் பார்க்க வேண்டும். மூச்சைத்தான் எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மூச்சு விடும் விதமே மாறிவிடும். முழு நிமிடம் எண்ண வேண்டும். அடுத்த கிழமையே நம் உறுப்பினர் ஒருவர் இரவு ஷிப்டில் அப்படி எண்ணினார், 26 வந்தது. முந்தைய நான்கு பதிவிலும் 18 என்று இருந்தது. 25-உம் அதற்கு மேலும் என்றால் நோயாளியின் நிலை மோசமாவதைக் காட்டும் நியூஸ்-2 புள்ளிக் கணக்கில் அது ஒன்றுக்கே 3 புள்ளி. உடனே சிஸ்டரைக் கூப்பிட்டார்.

பாண்ட் விஷயம். 2021-இல் தேசிய வேலை விவரத்தைத் திருத்தியபோது உடல் பராமரிப்பு பாண்ட் 2, மருத்துவ வேலைகளும் சேர்ந்தால் பாண்ட் 3 என்று தெளிவாக்கினார்கள். யூனிசன் தொழிற்சங்கம் அதை வைத்துத்தான் பல இடங்களில் போராடுகிறது. நம்மில் மூவர் இவ்வருடம் விண்ணப்பித்தார்கள். ஒருவருக்குப் பாண்ட் 3-உம் நிலுவைச் சம்பளமும் கிடைத்தன. ஒருவர் காத்திருக்கிறார். மூன்றாமவரிடம் மேலாளர் சொன்னாராம்: "இரத்தம் எடுப்பது நீங்களாக விரும்பிச் செய்தது." ஆறு வருடமாக விரும்பியிருக்கிறார், பாவம்!

கிடைத்தவர் எப்படி வென்றார்? ஒவ்வொரு ஷிப்டிலும் என்னென்ன செய்தார் என்று திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார், அவ்வளவுதான். நோயாளி பெயர் எழுதக் கூடாது, அதைக் கவனியுங்கள்.

துடைப்பதும் தீத்துவதும் குறைந்த வேலை என்று இந்தத் தரப்பிரிப்பு சொல்வதை நான் மட்டும் ஏற்கவில்லை. படுக்கைப் புண் வரப்போவதைக் காட்டும் முதுகுப்புறச் சிவப்பு துடைக்கும்போதுதானே கண்ணில் படுகிறது. அதை நிர்வாகக் குழுவில் பேசினோம், முடிவு வரவில்லை.

சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பாருங்கள். கொப்பிகள் என்னிடம் இன்னும் பதினொன்று இருக்கின்றன. தேநீர் நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

செயலாளர்